ஈறு கட்டிய படகு

ஏரிக்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் பல்லண்ணனைத் தெரியும். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கேட்டால் மட்டும் முழிப்பார்கள். பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பத்துக்கு எட்டு அறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவர் அவர். முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்துப் பின்னறைக்கு அனுப்புவார். பல்லண்ணன் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை நட்டு, இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்து ஈறு கட்டி, வேகவைத்து, தேய்த்து மினுக்கி, பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வைப்பார். ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் அவர் கைவேலையில்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் சிரிப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. அதனால் மனிதர்களை வாயிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார். கண்ணுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். மனைவியை முதன்முதலில் பார்த்தபோதுகூட, "கடவாய்ப் பல்லெல்லாம் என்ன உறுதி!" என்றுதான் தோன்றியதாம். அதை வாய்விட்டு வேறு சொல்லித் தொலைத்தார். அந்த அம்மா இருபத்து நாலு வருஷமாக அதை மறக்கவில்லை.

வேலை முடிந்தால் ஏரி. படகு சங்கத்துக் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்சுவர் தண்ணீருக்குள் நீண்டிருக்கும். அதன் நுனியில் மடக்கு நாற்காலியைப் போட்டுவிட்டால் மழை வந்தால்தான் எழுந்திருப்பார். புழு, மாவு எதையும் தொடமாட்டார். ஈறு கட்டியது போக மிஞ்சிய கலவையில் விரல் நீளத்துக்கு ஒரு பொய்மீன் செய்வார். அதன் வாயில், வேண்டாமென்று கழித்த பல் ஒன்றைப் பதிப்பார். வாலில் தூண்டில் முள். தண்ணீரில் இழுத்தால் அந்தப் பல் பளிச் பளிச்சென்று சிரிக்கும். ஏரி மீனுக்கு அதில் என்ன மயக்கமோ, ஓடி வந்து கவ்வும்.

"தன்னைப் பார்த்து இளிக்கிறவனைக் கடிக்கணும்னு மீனுக்கும் தோணாதா?" என்பார் பல்லண்ணன்.

படகு சங்கம் வருஷத்துக்கு ஒரு மீன்பிடிப் போட்டி நடத்தும். முதலில் தகுதிச் சுற்று. அதில் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத ஒரு மீனைப் பிடித்துக் காட்டுகிறவர்கள் மட்டும் பெரிய போட்டிக்குப் போகலாம். பெரிய போட்டியில் ஜெயித்தால் கோப்பை. ஆனால் கோப்பை போய்க் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்துவிடும். தகுதி பெற்றவர்களின் பெயரையோ, சங்கத்து வாசலிலேயே மாட்டியிருக்கும் பெரிய மரப்பலகையில் மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள். பல்லண்ணனுக்குக் கோப்பை மேல் ஆசை கிடையாது. அவருக்கு அந்தப் பலகைதான். பத்தொன்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் சுவருக்குப் போகிறார். அதில் உள்ள பெயர்களில் ஏழு பேர் அவருடைய பொய்மீனை வாங்கிப் போய்த் தகுதி பெற்றவர்கள். அவர் பெயர் மட்டும் அதில் ஏறவில்லை. காரணம், விதி எண் நான்கு.

போட்டியாளருக்குச் சொந்தப் படகு இருக்க வேண்டும். பத்தடிக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முப்பது நாள் முன்பே அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். வாடகைப் படகு, இரவல் படகு, பங்குப் படகு எதுவும் ஆகாது. சங்கத்தை ஆரம்பித்தவர்கள் எல்லாரும் படகுக்காரர்கள். கரையில் நின்று பிடிப்பதை அவர்கள் மீன்பிடிப்பாகவே எண்ணவில்லை.

பல்லண்ணனின் மச்சானும் அதையேதான் சொல்வான். மனைவியின் தம்பி. குளியலறை ஓடு விற்கிற கடை வைத்திருக்கிறான். அவன் படகில் குளிர்பெட்டி, பாட்டுப் பெட்டி, குடை, சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. மீன் மட்டும் ஏறியதில்லை.

"அத்தான், கரையில நின்னு பிடிக்கிறதுக்குப் பேரு மீன் பிடிக்கிறதா? பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு."

"நான் நிக்கிற ஸ்டாப்புல பஸ் வருதுடா மச்சான். உனக்கு வரலையே."

பதில் சொல்லிவிட்டாரே தவிர, அன்றைக்கு முழுக்க அது அவருக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஐம்பத்திரண்டு வயதாகிறது. இன்னும் எத்தனை வருஷம் அந்தப் பலகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பது?

படகு வந்த கதைதான் வேடிக்கை. ஒருநாள் போட்டோ ஸ்டுடியோக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேல்வாய், கீழ்வாய் இரண்டிலும் மொத்தமாக மூன்று பல்தான் பாக்கி. "எல்லாரையும் சிரிங்க சிரிங்கன்னு சொல்றேன். நான் சிரிச்சுக் காட்டுனா குழந்தைங்க அழுதுடுது" என்றார். அவர் ஸ்டுடியோவில் ஒரு படகு இருந்தது. பின்னால் கடல் வரைந்த திரை, முன்னால் படகு, அதில் ஜோடியை உட்காரவைத்துப் படம் எடுப்பார். இப்போது எல்லாரும் கையில் போனை வைத்துக்கொண்டு நிஜக் கடலுக்கே போய்விடுவதால் படகு தூசி தின்றுகொண்டு கிடந்தது. பல்லண்ணன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"படகு நிஜப் படகா? அட்டையா?"

"நிஜ மரம் அண்ணே. ஆத்துல ஓடினதைத்தான் வாங்கினேன்."

மேல் செட்டும் கீழ் செட்டும் அந்தப் பக்கம் போயின. படகு இந்தப் பக்கம் வந்தது.

மச்சானின் ஓடு ஏற்றும் வண்டியில்தான் வந்து இறங்கியது. சிரிப்பதற்கு ஒரு விஷயம் கிடைத்தால் அவன் இலவசமாகவே வண்டி அனுப்புவான். சிரிக்க நிறையவே இருந்தது. கேமரா பார்க்கிற இடது பக்கத்தில் மட்டும் வெளிர் நீலப் பெயிண்ட் அடித்து, ரோஜாப்பூ வரைந்து, நடுவில் அம்பு தைத்த இதயம் ஒன்று போட்டிருந்தது. வலது பக்கத்தில் சுண்டு விரல் அகலத்துக்குக்கூடப் பெயிண்ட் இல்லை, வெறும் மரம். இடப்பக்கம் பார்த்தால் கல்யாணம், வலப்பக்கம் பார்த்தால் விறகு.

குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் படகைக் கவிழ்த்துப் போட்டார். மரம் காய்ந்து பதினான்கு இடத்தில் விரிசல். ஆளைக் கூப்பிட்டுத் தார் பூசச் சொல்லலாம்தான். ஆனால் கை சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரியிலிருந்து இளஞ்சிவப்புக் கலவையைக் கொண்டுவந்து விரிசல்களில் அடைத்து, தேய்த்து, மினுக்கி விட்டார். படகுக்கு ஈறு முளைத்த மாதிரி ஆகிவிட்டது. படி ஏறுகிறவர்கள் ஒவ்வொருத்தராக நின்று பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, அடுத்து பல்லும் வைப்பீங்களா?"

"முதல்ல ஈறு ஆறட்டும்" என்றார் பல்லண்ணன், ஆஸ்பத்திரிப் பழக்கத்தில்.

அடுத்தது பதிவு. இங்கேதான் பல்லண்ணனின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எடை அளவு ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து அரசு முத்திரை குத்துகிற வேலை. அதனால் ஊருக்கு அவர் முத்திரையம்மா. கைப்பையில் எப்போதும் ஒரு கிலோ பித்தளை எடைக்கல் ஒன்று இருக்கும். பஸ்ஸில் ஒருத்தன் அந்தப் பையைப் பறித்துவிட்டு, அதன் கனத்தில் தோள் பிடித்துக்கொண்டு, தானாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறான். முத்திரையம்மா சந்தைக்குள் காலை வைத்தால் போதும், தக்காளிகூடத் தராசில் நிமிர்ந்து உட்காரும்.

வீட்டில் எழுத்து வேலை எல்லாம் அவருடையது. கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை பல்லண்ணன் எரிவாயு இணைப்புக்கு விண்ணப்பம் நிரப்பினார். 'திருமண நிலை' என்ற இடத்தில் 'பரவாயில்லை' என்று எழுதிவைத்தார். அன்றைக்குப் பேனாவை வாங்கி வைத்தவர்தான் முத்திரையம்மா, திருப்பித் தரவில்லை. எந்தத் தாள் வந்தாலும் அவர் நிரப்புவார், பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவார், அங்கே பல்லண்ணன் கையெழுத்துப் போடுவார். என்ன ஏது என்று படித்ததில்லை.

படகுப் பதிவுத் தாளும் அப்படித்தான் போய்வந்தது.

முப்பது நாள் கழிந்ததும் பல்லண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு சங்கத்துக்குப் போனார். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேல் செட் பல்லண்ணன் செய்ததுதான். கொஞ்சம் தளர்ந்துபோய், பேசும்போது லேசாக விசில் அடிக்கும். அவர் பதிவுத் தாளைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார்.

"பல்லண்ணே, படகு உங்க பேர்ல இல்லையே."

"பின்ன யார் பேர்ல இருக்கு? என் படகுதான் சார்."

"உரிமையாளர்னு உங்க வீட்டம்மா பேரு இருக்கு. உங்க பேரு இதோ கீழ இருக்கு பாருங்க. சாட்சி."

பல்லண்ணன் தாளை வாங்கித் தானே படித்துப் பார்த்தார். தகுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இப்போது பெயரை மாற்றினாலும் முப்பது நாள் ஆகாது. விதிப்படி இந்த வருஷம் அந்தப் படகில் ஒரே ஒருத்தர்தான் போட்டியிடலாம். அது அவருடைய மனைவி.

வீட்டுக்கு வந்து சோபாவில், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

"ஏங்க, நான் வேணும்னா செஞ்சேன்?" என்றார் முத்திரையம்மா. "இருபத்து நாலு வருஷமா எல்லாத்துலயும் என் பேரு எழுதி எழுதிக் கைக்குப் பழகிடுச்சு. நீங்களாவது படிச்சிருக்கலாம்ல?"

"வீடு உன் பேர்ல. வண்டி உன் பேர்ல. தண்ணிக் குழாய் உன் பேர்ல. இந்த வீட்டுல என் பேர்ல என்னதான் இருக்கு, சொல்லு பார்ப்போம்."

முத்திரையம்மா நிஜமாகவே யோசித்தார். "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கே" என்றார்.

சோபாவிலிருந்து ஒரு முனகல் வந்தது.

மறுநாள் காலை பல்லண்ணன் எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் முத்திரையம்மா சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். எதிரே சங்கத்தின் விதிப்புத்தகம். நாற்பத்தொரு விதி, எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார். நல்ல நாவல் படித்தவர் மாதிரி முகத்தில் ஒரு நிறைவு.

"அருமையா எழுதியிருக்காங்க. ஒரு இடத்துலதான் கமா தப்பு. இதைப் பாருங்க. விதி ஒன்பது. படகுல போட்டியாளர் கூட ஒரு துணையாள் வரலாம். துடுப்புப் போடலாம், வலை பிடிக்கலாம். தூண்டிலைத் தொடக் கூடாது. போட்டியாளர் தகுதி பெற்றா, பலகையில அவர் பேரு பெரிய எழுத்துல, துணையாள் பேரு கீழ சின்ன எழுத்துல."

பல்லண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு சின்ன எழுத்து?"

"அளவு குறிப்பிடலை. அது ஒரு குறைதான்."

"படிக்கற மாதிரி இருக்குமா?"

"கண்ணாடி போட்டா படிக்கலாம். நான் தூண்டில் போடறேன். உங்களால கெட்டதோ, என்னால கெட்டதோ, சரி பண்ணிடுவோம். ஆனா ஒண்ணு, விதின்னா விதி. நீங்க விரலால கூடத் தொடக் கூடாது."

"தொடமாட்டேன்."

"ஊதக் கூடக் கூடாது."

பயிற்சி மொட்டைமாடியில் நடந்தது. ஒரு வாளியை வைத்து அதற்குள் பொய்மீனை எறியச் சொன்னார் பல்லண்ணன். முதல் நாள் மாட்டியவை: கொடியில் காய்ந்த தலையணை உறை இரண்டு, பக்கத்து வீட்டுப் போர்வை ஒன்று, டிவி கம்பி, பல்லண்ணனின் காலர். இரண்டாம் நாள் வாளியின் விளிம்பில் பட்டது. ஐந்தாம் நாள் பத்துக்கு ஆறு வாளிக்குள். கடையில் தராசைப் பார்ப்பது போலவே வாளியைப் பார்ப்பார் முத்திரையம்மா. தப்புச் செய்தது வாளிதான் என்கிற மாதிரி. ஒன்பதாம் நாள் வாளி பணிந்துவிட்டது.

தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. முப்பத்து நாலு படகு. ரோஜாப்பூப் பக்கம் கரையைப் பார்த்தபடி இவர்கள் படகு புறப்பட்டதும், மச்சான் தன் படகிலிருந்து கை தட்டினான்.

"அக்கா! போட்டோவுக்கு சிரிங்க!"

"டேய், உன் படகுல மிதவைச் சட்டை எத்தனை இருக்கு? விதி இருபத்து மூணு" என்றார் அக்கா. அதற்கப்புறம் அவன் குரல் கேட்கவில்லை. சட்டை தேடப் போய்விட்டான்.

ஈறு தாங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் பல்லண்ணன்தான் ஒழுகிக்கொண்டிருந்தார். வியர்வை. பத்தொன்பது வருஷம் சுவரில் நின்று பார்த்த தண்ணீரின் நடுவில் இருக்கிறார், கையில் தூண்டில் இல்லை. முத்திரையம்மா எறிகிற ஒவ்வொரு எறிக்கும் அவர் மணிக்கட்டு தானாக வெட்டி வெட்டி இழுத்தது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"இங்க பாரு, அந்த நாணல் ஓரமா ஒரே ஒரு தடவை நான் போடறேன். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்ல?"

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"திரும்பினாலும் தெரியும். துடுப்பைப் போடுங்க."

பதினோரு மணிக்கு நாணல் ஓரத்தில் பொய்மீன் விழுந்தது. பல் இரண்டு தரம் பளிச்சிட்டது. மூன்றாவது பளிச்சுக்குத் தூண்டில் வில்லாக வளைந்தது. முத்திரையம்மா ஒரு சத்தமும் போடவில்லை. எல்லாச் சத்தத்தையும் பல்லண்ணனே போட்டார். "விடு! விடு! இழு! ஐயோ இழுக்காதே! வாயைப் பாரு, கீழ்த்தாடை நீட்டல், இது பெரிய ஆளு!" படகு ரோஜாவும் விறகுமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. கால் மணி நேரம் கழித்து வலைக்குள் ஒரு மீன் கிடந்து, இரண்டு பேரையும் முறைத்தது.

கரையில் எடை போடும் இடத்தில் கூட்டம். சங்கத்தின் பழைய தொங்கு தராசு ஒரு முக்காலியில் ஆடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். எட்டாவது, நம்ப முடியாத விஷயம், மச்சான். இரண்டு கிலோ ஐந்நூற்று அறுபது. வாழ்நாளில் முதல் மீன். அதைப் பிள்ளை மாதிரி ஈரத்துணியில் சுற்றித் தொட்டியில் விட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தான்.

செயலாளர் இவர்கள் மீனை மாட்டினார். முள் நடுங்கி நின்றது.

"இரண்டு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு. தகுதி!" என்று விசிலடித்தார்.

பல்லண்ணனின் கண் கலங்கியது. சின்ன எழுத்து. கண்ணாடி போட்டால் படிக்கலாம். நன்றி சொல்லத் திரும்பியவர், மனைவியின் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தார். முத்திரையம்மா மீனைப் பார்க்கவில்லை. தராசின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். காய்கறிக் கடையில் அந்தப் பார்வை வந்தால் அன்றைக்கு வீட்டுக்குக் காய் வராது.

"வேண்டாம்" என்றார் மெதுவாக. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உனக்கு லீவு."

"முத்திரை காலாவதியாகி ரெண்டு வருஷமாச்சுங்க."

"அதுக்கும் வயசாகாதா? விடு. கண்ணை மூடிக்கோ. ஒரே நிமிஷம். என் பேரு..."

முத்திரையம்மா அவரைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் ஆய்வாளர் இல்லை. பாவம், சங்கடம்தான் இருந்தது. "இத்தனை வருஷம் கழிச்சு உங்க பேரு ஏறுது. அது கள்ள எடையில ஏறணுமா? தினமும் அதைத் தாண்டித்தானே போவீங்க?" என்றார். பல்லண்ணன் பதில் சொல்வதற்குள் கைப்பை திறந்துவிட்டது. மீன் இறங்கி, பித்தளைக் கல் தராசில் ஏறியது.

முள் ஒரு கிலோவைத் தாண்டி, அறுபது கிராம் தள்ளிப் போய் நின்றது.

கிலோவுக்கு அறுபது கிராம் பொய். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். "யாருங்க இந்தம்மாவை விட்டது?" "அவங்க மீனும் போச்சேய்யா, அவங்களே சொல்றாங்க!" எல்லாருக்கும் மேலே மச்சானின் குரல்: "அக்கா! கூடப் பிறந்தவன்னுகூடப் பார்க்கமாட்டியா!"

முத்திரையம்மா விதிப்புத்தகத்தை எடுத்தார். "விதி பதினேழு. எடைக் கருவி பழுதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே சரியான கருவியில எல்லா மீனையும் மறுபடி எடை போடணும்."

சரியான தராசுக்கு எங்கே போவது? சந்தையின் மீன்காரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். போன மாதம்தான் முத்திரையம்மா அவர் தராசைப் பிடுங்கி, சரிபார்த்து, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். மீன்காரம்மா தராசை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருவிழாவுக்கு வருகிறவர் மாதிரி வந்தார்.

"வாங்க ஆபீசரம்மா, இப்ப நான் போடறேன் எடை. நீங்க தள்ளி நில்லுங்க. விரலை எடுங்க. அன்னிக்கு என்கிட்ட என்ன பேச்சு பேசினீங்க!"

மச்சானின் மீன் இரண்டு கிலோ நானூற்றுப் பதினைந்து. இவர்கள் மீன் நானூற்று நாற்பது. ஒவ்வொன்றாகச் சரிந்தது. எல்லாவற்றிலும் பெரியது, பழைய தராசில் இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது காட்டியது; இதில் நானூற்றுத் தொண்ணூறோடு நின்றுவிட்டது. பத்து கிராம் குறைவு. அதன் சொந்தக்காரர், அதன் வாயில் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். ஒருத்தர்கூடத் தேறவில்லை. மீன்களை ஏரியில் விட்டார்கள். மச்சான் தன்னுடையதைத் தானே இறக்கிவிட்டு, அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

படகும் பல்லண்ணனும் ஒரே வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். சின்ன எழுத்தும் போச்சு.

மறுநாள் மாலை முத்திரையம்மா அலுவலகத்திலிருந்து ஒரு தாளோடு வந்தார். மேசையில் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தார்.

"என்ன இது? எங்க கையெழுத்து? குறி போட்டுக் குடு."

"குறி போடமாட்டேன். நீங்களே படிங்க."

படகின் உரிமையை மாற்றும் தாள்.

"விதி முப்பத்தெட்டு" என்றார் முத்திரையம்மா. "தகுதிச் சுற்றில் யாருமே தேறலைன்னா மறுபடி ஒரு சுற்று வைக்கணும். செயலாளரைப் பார்த்துட்டுத்தான் வரேன். நாற்பது நாள்ல வைக்கிறாங்க. இன்னிக்கே நீங்க நிரப்பினா முப்பது நாள் தாண்டிடும். இந்தத் தடவை நீங்களே எழுதுங்க. நான் பேனாவைத் தொடமாட்டேன்."

பல்லண்ணனுக்கு அந்தத் தாளை நிரப்ப ஒன்றே கால் மணி நேரம் ஆனது. எதிரே முத்திரையம்மா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். 'படகின் நிலை' என்ற இடத்தில் 'ஈறு நன்றாக உள்ளது' என்று அவர் எழுதியபோது மட்டும் அந்த அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

நாற்பதாம் நாள், புது முத்திரை குத்திய தராசு கரையில் தொங்கியது. ஏரி நடுவில் பல்லண்ணன் தூண்டில் போட்டார், முத்திரையம்மா துடுப்புப் போட்டார். இந்தத் தடவை வியர்வை ஒழுகியது அந்த அம்மாவுக்கு.

"இன்னும் ஒரு அடி இடப்பக்கம் போட்டிருக்கலாம்."

"விதி ஒன்பது" என்றார் பல்லண்ணன்.

"தொடலையே, சொல்றேன்."

"ஊதக் கூடக் கூடாது."

மீன் இரண்டு கிலோ எழுநூற்று ஐந்து. முத்திரையம்மா முதலில் முத்திரையைப் பார்த்தார், அப்புறம் பித்தளைக் கல்லை மாட்டிப் பார்த்தார், அப்புறம்தான் கணவனைப் பார்த்துச் சிரித்தார். கடவாய்ப் பல் எல்லாம் அப்படியே உறுதியாக இருந்தது. பல்லண்ணன் இந்த முறை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பத்து நாளில் பலகையில் பெயர் ஏறிவிட்டது. பெரிய எழுத்தில், பதிவுத் தாளில் உள்ளபடி, முதலெழுத்தோடு முழுப்பெயர். கீழே சின்ன எழுத்தில் மனைவியின் பெயர். பல்லண்ணன் அன்றைக்கு ஆறு தடவை அந்த வாசலைத் தாண்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை போல என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மீன்காரம்மா பல் ஆஸ்பத்திரியின் பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சங்கத்துச் சமையலறைக்கு மீன் போடப் போனேன். பலகையில பார்த்தேன். ஆபீசரம்மா பேரு எனக்குத் தெரியாதா? என் தராசுல, சீட்டுல எல்லாத்துலயும் அவங்க கையெழுத்துதான். சின்ன எழுத்துல போட்டிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "மேல பெரிய எழுத்துல எவனோ ஒருத்தன் பேரு அண்ணே. முன்னப்பின்ன கேள்விப்படாத பேரு. அவன்கூட அவங்க படகுல போயிருக்காங்க. சந்தை பூரா இதே பேச்சுத்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு மூணு நாளா யாருக்கும் தைரியம் வரலை."

பல்லண்ணன் கையில் இருந்த கீழ் செட்டைக் கீழே வைத்தார்.

"அது நான்தாம்மா."

"நீங்க நல்லவர் அண்ணே, விட்டுக்கொடுக்காமப் பேசறீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார் மீன்காரம்மா.

அன்று மாலை மச்சானிடம் சொல்லிப் புலம்பினார். மச்சான் காதருகே குனிந்து, "நானும் கேக்கணும்னே இருந்தேன் அத்தான், யாரு அது? வெளியூர்க்காரரா?" என்றான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லண்ணன் சங்கத்து வாசலில் நாற்காலி போட்டு ஏறி நின்றார். ஒரு கையில் குழைத்த இளஞ்சிவப்புக் கலவை. இன்னொரு கையில், தேய்த்து மினுக்கிய நல்ல கடவாய்ப் பல் ஒன்று. நாற்காலியை முத்திரையம்மா பிடித்துக்கொண்டிருந்தார், அக்குளில் விதிப்புத்தகம். செயலாளர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்ன அண்ணே பண்றீங்க? பலகையில கண்டதை ஒட்டக் கூடாது!"

"எந்த விதியில இருக்கு சார்?" என்றார் முத்திரையம்மா.

செயலாளர் வாயைத் திறந்தார். விசில் மட்டும் வந்தது.

"நாப்பத்தொண்ணும் பார்த்துட்டேன். பல்லு ஒட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. நீங்க ஒட்டுங்க."

பல்லண்ணன் தன் முழுப்பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஈறு கட்டி, அதில் பல்லைப் பதித்து, ஆறும் வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, செயலாளரின் வாயைப் பார்த்தார்.

"மேல் செட்டு ரொம்பத் தளர்ந்துபோச்சு சார். நாளைக்கு வாங்க, சரி பண்ணித் தரேன்."